எந்த மண்ணில் தேய்ந்த வண்டி?

பழைய டிராக்டர் விற்கிறவர்கள் எல்லாரும் பேசிவைத்துக்கொண்டதுபோல மூன்று விஷயங்களைச் சொல்வார்கள். சிங்கிள் ஓனர். எஞ்சினில் கை வைக்கவே இல்லை. நம்ம காட்டு வேலையைத் தவிர வெளி வாடகைக்குப் போனதில்லை. முப்பது, நாற்பது வருஷம் ஓடிய வண்டிக்கு இந்த மூன்றும் சேர்ந்து பொருந்துவது அபூர்வம். பொருந்தினாலும் அதை வைத்து வண்டியின் நிலைமையைச் சொல்ல முடியாது. ஒரே ஓனரிடம் இருந்து, ஒரே வயலில் உழுது, உருப்படாமல் போன வண்டிகள் எத்தனையோ உண்டு. அதனால் சொந்தக்காரர்கள் யாராவது பழைய வண்டி பார்க்கக் கூப்பிட்டால், நான் முதலில் தெரிந்துகொள்ளப் பார்ப்பது ஒன்றுதான்: இது எந்த மண்ணில் தேய்ந்த வண்டி?

மதுரையைச் சுற்றி எல்லா மண்ணும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. சோழவந்தான், வாடிப்பட்டி, மேலூர் பக்கம் பெரியாறு, வைகைப் பாசனம். 1895-ல் முடிந்த பெரியாறு அணையால் நெல் விளையும் பூமி. அங்கே ஓடிய டிராக்டர் வருஷாவருஷம் அச்சு முங்கத் தொளி உழவு, அதாவது நடவுக்காகத் தண்ணீர் நிறுத்திச் சேறாக்கும் உழவு அடித்திருக்கும். திருமங்கலம், கள்ளிக்குடி, பேரையூர், டி.கல்லுப்பட்டி எனத் தெற்கே இறங்கினால் கரிசல். அங்கே சேறு கிடையாது. புழுதியும், கோடை உழவில் கட்டி கட்டியாகப் பெயரும் காய்ந்த மண்ணும்தான். அலங்காநல்லூர் சர்க்கரை ஆலைக்குக் கரும்பு இழுத்த வண்டி, செங்கல் சூளைக்கு மண் அடித்த வண்டி எல்லாம் தார் ரோட்டு ஜாதி. நான்காவதாக ஒன்று உண்டு: முதுகில் கம்ப்ரஸரைக் கட்டிக்கொண்டு கிணறு கிணறாகப் போய், பாறையில் குழி போட நாள் முழுக்க நின்ற இடத்திலேயே உறுமிய வண்டி.

நான்கும் நான்கு விதமாகக் கெட்டுப்போகும். எங்கே கெட்டிருக்கும் என்று தெரிந்தால் எங்கே பார்க்க வேண்டும் என்பதும் தெரிந்துவிடும்.

அதற்கு முன்னால், கண் முன்னே நிற்பது என்ன வண்டி என்பது தெளிவாக வேண்டும். சிவப்பாக இருப்பதெல்லாம் மேஸி ஃபெர்குசன் இல்லை. பழைய பி-275-ம் சிவப்புதான். பிரிட்டனில் இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் கம்பெனி செய்த அந்த மாடலை இங்கே கொண்டுவர 1963-ல் மகிந்திராவும் அவர்களும் வோல்டாஸும் கூட்டாக இன்டர்நேஷனல் டிராக்டர் கம்பெனியைத் தொடங்கினார்கள். பழைய பி-275-ல் நான்கு சிலிண்டர். பின்னால் வந்த 275 டி.ஐ.யில் மூன்று. 275 என்ற எண்ணை மட்டும் கேட்டுவிட்டுப் பிஸ்டன் செட் வாங்கப் போனால் கடைக்காரர் சிரிப்பார். எக்ஸாஸ்ட் பக்கம் குனிந்து சிலிண்டரை எண்ணிவிடுங்கள்.

மேஸியின் வம்சம் நீளமானது. ஹாரி ஃபெர்குசனின் சாம்பல் நிற டி.ஈ.20 வண்டி 1946 முதல் 1956 வரை இங்கிலாந்தின் கவன்ட்ரியில் தயாரானது. அதற்கு வாரிசு 35. ஆரம்பகால 35-ல் இருந்த நான்கு சிலிண்டர் டீசல் எஞ்சின் காலைக் குளிரில் ஸ்டார்ட் ஆக அடம்பிடிப்பதாகக் கெட்ட பெயர் எடுத்தது. 1959 கடைசியில் மூன்று சிலிண்டர் பெர்கின்ஸ் எஞ்சின் வந்தபிறகுதான் அந்த வண்டிக்கு வாழ்வு. பெர்கின்ஸ் 3.152 என்றால் மூன்று சிலிண்டர், 152 கன அங்குலம். ஏறக்குறைய இரண்டரை லிட்டர். சென்னையில் 1960-ல் டாஃபே கம்பெனி தொடங்கி, சிம்ப்சன் எஞ்சினோடு இங்கே ஓடவிட்ட மேஸி 1035-ல் இருப்பதும் அந்த 35-ன் எலும்புதான். நம் ஊரில் ‘பழைய மேஸி’ என்று யாராவது சொன்னால் பத்துக்கு ஒன்பது தடவை 1035 தான் நிற்கும். அசல் 35 கிடைத்தால் அது வேறு சந்தோஷம்.

மற்றவற்றைச் சீக்கிரம் சொல்லிவிடலாம். ஐஷர் 242-ல் ரேடியேட்டரைத் தேடினால் கிடைக்காது; ஒற்றைச் சிலிண்டர், காற்றில் குளிரும் எஞ்சின். அந்தக் கம்பெனி 1959-ல் ஃபரிதாபாத்தில் தன் முதல் டிராக்டரை வெளியே விட்டது. ஹெச்.எம்.டி. 2511 என்பது செக்கோஸ்லோவாக்கியாவின் ஜெட்டார், பிஞ்சோர் ஆலையில் 1971 முதல் இங்கே செய்யப்பட்டது, இரண்டு சிலிண்டர், 25 குதிரைத் திறன். நீல நிற ஃபோர்டு 3600, எஸ்கார்ட்ஸ் செய்தது, மூன்று சிலிண்டர். இழுவைக்கு அதைச் சொல்லி அடித்துக்கொள்ள இன்றைக்கும் ஆள் இருக்கிறார்கள்.

பானெட்டை நம்பாதீர்கள். தகர பானெட்டும் ஸ்டிக்கரும் எந்த வருஷத்து வண்டிக்கும் எந்த வருஷத்ததும் மாட்டலாம். எஞ்சின் பிளாக்கில் குத்திய எண், சேஸ் எண், தகட்டில் உள்ள எண், ஆர்.சி.யில் உள்ள எண் நான்கையும் வரிசையாக எழுதிப் பாருங்கள். ஒரு வெள்ளைத்தாளும் பென்சிலும் கொண்டுபோய், குத்திய எண்ணின் மேல் தாளை வைத்துத் தேய்த்து நீங்களே பிரிண்ட் எடுத்துக்கொள்ளுங்கள். கண்ணுக்குத் தெரியாத கிரைண்டர் கீறல் தாளில் தெரியும். எழுத்துகள் ஒரே ஆழத்தில், ஒரே வரிசையில் இல்லாவிட்டால் அந்த இடத்திலேயே நிறுத்திக்கொள்ளலாம். தகட்டின் ரிவெட்டு புதிதாக மின்னினால் ஏன் என்று கேளுங்கள். எஞ்சின் மாற்றிய வண்டி என்றால் அது குற்றம் இல்லை. ஆனால் மாற்றியது ஆர்.சி.யில் ஏறியிருக்க வேண்டும்.

காகிதத்தைப் பற்றி இங்கேயே முடித்துவிடுகிறேன், இது எனக்கு அலுப்பான பகுதி. பதிவு 15 வருஷத்துக்குத்தான். அதன்பிறகு ஐந்தைந்து வருஷமாகப் புதுப்பித்திருக்க வேண்டும். டிரெய்லருக்குத் தனிப் பதிவு. ஆர்.சி.யில் வங்கிக் கடன் பதிவு இருந்தால், கடன் முடிந்தது என்ற வாய்வார்த்தை செல்லாது. படிவம் 35-ம் வங்கியின் தடையில்லாச் சான்றும் கையில் வர வேண்டும். பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30. ஆர்.சி.யில் பெயர் உள்ளவர் இறந்து, பிள்ளைகள் விற்கிறார்கள் என்றால் வாரிசுச் சான்று இல்லாமல் பேச்சே வேண்டாம். நம்பர் தகடு டி.என்.58, 59, 64 என்றால் மதுரை. 57 திண்டுக்கல், 60 தேனி, 63 சிவகங்கை, 67 விருதுநகர். வெளி மாவட்ட எண்ணாக இருந்தால் அதுவே மண்ணைப் பற்றிய முதல் துப்பு. தேனியில் பதிவாகிக் கம்பம் பள்ளத்தாக்கில் ஓடியதா, விருதுநகரில் பதிவாகிக் கரிசலில் ஓடியதா என்று அங்கிருந்து பேச்சை எடுக்கலாம்.

இனி வண்டிக்கு வருவோம்.

வருகிறோம் என்று முன்கூட்டியே சொன்னால் எஞ்சினைச் சூடாக்கி வைத்திருப்பார்கள். போனதும் பானெட்டைத் தூக்கி எஞ்சின் ஹெட்டில் கையை வையுங்கள். சுட்டால், டீயைக் குடித்துவிட்டு ஊர்க்கதை பேசிக் காத்திருங்கள். ஆறிய எஞ்சின் பொய் சொல்லாது. ஸ்டாப் குமிழை இழுத்துப் பிடித்தபடி செல்ஃப் அடிக்கச் சொன்னால் எஞ்சின் பற்றாமல் சுற்றும். அந்தச் சத்தம் ஒரே தாளத்தில் வர வேண்டும். நடுவில் ஒரு சுற்று இலகுவாக ஓடினால் அந்தச் சிலிண்டரில் அழுத்தம் இல்லை. பிறகு ஸ்டார்ட் செய்யுங்கள். கறுப்புப் புகை என்றால் டீசல் அதிகம் போகிறது, அல்லது காற்று பற்றவில்லை. நீலம் என்றால் ஆயில் எரிகிறது. வெள்ளை ஆரம்பத்தில் கொஞ்சம் வரலாம். சூடானபிறகும் நின்றால் டீசலைப் பீய்ச்சும் நாசிலையோ ஹெட் கேஸ்கட்டையோ சந்தேகப்பட வேண்டும். ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து, அங்கே குப்குப்பென்று ஆவி தள்ளுகிறதா பாருங்கள். தள்ளினால் பிஸ்டன் ரிங்கும் சிலிண்டர் லைனரும் தேய்ந்திருக்கின்றன. ஆயில் கம்பியை உருவிப் பார்க்கும்போது அளவு குறைவாக இருந்தால் எல்லாரும் பயப்படுவார்கள். நான் அளவு கூடியிருந்தால்தான் பயப்படுவேன். டீசல் கலந்து ஆயில் நீர்த்துப்போயிருக்கும், அதை மோந்து பார்த்தாலே தெரியும். ரேடியேட்டர் மூடியைக் குளிர்ந்த எஞ்சினில் திறந்து வைத்து ஓடவிட்டால், தண்ணீரில் விடாமல் குமிழி வருகிறதா என்று பார்க்கலாம். தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்திருப்பார்கள், நம் வெயிலுக்கு அது பாரம் என்று ஒரு நம்பிக்கை. எஞ்சின் சூடேறாமலே ஓடுவதும் லைனருக்குக் கேடுதான் என்று சொன்னால் யாரும் கேட்பதில்லை.

ஒரு சிலிண்டர் மட்டும் வேலை செய்யவில்லை என்று தோன்றினால், ஐடிலில் ஓடும்போது ஒவ்வொரு நாசில் பைப் நட்டாக மெக்கானிக்கை லூஸ் செய்யச் சொல்லுங்கள். லூஸ் செய்ததும் எஞ்சின் தடுமாற வேண்டும். தடுமாறாத சிலிண்டர் ஏற்கெனவே செத்தது. பீய்ச்சும் டீசல் பக்கம் கையையோ முகத்தையோ கொண்டுபோகாதீர்கள். அந்த அழுத்தம் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும்.

எஞ்சின் கெட்டால் செலவு தெரிந்த செலவு. மதுரையில் லேத் பட்டறைக்கா பஞ்சம்? போர் செய்து, லைனர் இறக்கி, கிராங்க் சாணை பிடித்துக் கொடுத்துவிடுவார்கள். பின்பாதி அப்படி இல்லை. இந்த டிராக்டர்களுக்குத் தனியாக இரும்புச் சட்டகம் கிடையாது. எஞ்சின், கிளட்ச் வீடு, கியர் பெட்டி, பின் அச்சு எல்லாம் ஒன்றோடொன்று போல்ட் போட்டு, அதுவே முதுகெலும்பாக நிற்கிறது. கிளட்ச் பிளேட் மாற்ற வேண்டுமானால்கூட வண்டியை இரண்டாகப் பிரிக்க வேண்டும். அதனால் நான் அதிக நேரம் குனிந்து கிடப்பது பின்பாதியில்தான். இந்த இணைப்புகளில் புதுப் பசை பிதுங்கியிருக்கிறதா, போல்ட் தலைகளில் சாவி பட்ட பளபளப்பு இருக்கிறதா, வார்ப்பில் வெல்டிங் தழும்பு இருக்கிறதா என்று பார்ப்பேன். புதுப் பெயின்ட் அடித்த வண்டியை எனக்குப் பிடிக்காது. ஆயில் கசிந்து மண் அப்பிய வண்டி எங்கே ஒழுகுகிறது என்று தானே காட்டும். பெயின்ட் அடித்த வண்டியில் அதற்கு ஒரு மழைக்காலம் காத்திருக்க வேண்டும்.

நஞ்சை வண்டியில் எதிரி தண்ணீர். கேஜ் வீல் என்ற இரும்புக் கூண்டுச் சக்கரம் மாட்டித் தொளியில் இறங்கிய வண்டிக்கு ஆக்ஸில் சீல் முதலில் போகும். சீல் போனால் உள்ளே இருக்கும் ஆயில் பிரேக் லைனிங்கில் இறங்கும், வெளியே இருக்கும் சேற்றுத் தண்ணீர் ஆயிலில் ஏறும். பின் வீலின் உட்பக்கம் எண்ணெய்க் கறை இருக்கிறதா என்று விரலால் தொட்டுப் பாருங்கள். அடுத்து, கியர் ஆயில். காலையில் வண்டியை நகர்த்துவதற்கு முன்னால் வடிகால் போல்ட்டைக் கொஞ்சம் மட்டும் தளர்த்துங்கள். ராத்திரி முழுக்கத் தண்ணீர் அடியில் தங்கியிருக்கும், ஆயிலுக்கு முன்னால் தண்ணீர்தான் சொட்டும். ஓடிவிட்டு வந்து பார்த்தால் எல்லாம் கலங்கி, மோர் நிறத்தில் இருக்கும். மேஸியில் கியருக்கும் பின்னால் கலப்பையைத் தூக்கும் லிஃப்ட்டுக்கும் ஒரே ஆயில், ஆகவே தண்ணீர் ஏறினால் கெடுவது ஹைட்ராலிக் பம்ப்பும் சேர்த்துத்தான். கிளட்ச் வீட்டின் அடியில் ஒரு சின்ன ஓட்டை, அதில் ஒரு ஸ்பிளிட் பின் தொங்கும். அங்கே கறுப்பாகச் சொட்டினால் எஞ்சினின் பின் சீல். கறுக்காத கெட்டி ஆயில் சொட்டினால் கியர் பெட்டியின் முன் சீல். இரண்டுமே வண்டியைப் பிரிக்கும் வேலை. அந்த ஓட்டையை யாராவது அடைத்துவைத்திருந்தால் நான் விலையே கேட்க மாட்டேன்.

கரிசல் வண்டிக்கு எதிரி புழுதி. ஏர் கிளீனரின் கீழ்க் கிண்ணத்தைக் கழற்றுங்கள். பழைய வண்டிகளில் அது ஆயில் கிண்ணம். உள்ளே ஆயிலுக்குப் பதில் கரிசல் சகதி இருந்தால் லைனர் எந்த நிலைமையில் இருக்கும் என்று ஊகிக்கலாம். அதைவிட முக்கியம், கிளீனரிலிருந்து எஞ்சினுக்குப் போகும் ரப்பர் ஹோஸ். அதில் ஒரு வெடிப்பு இருந்தால் போதும், கிளீனர் இருந்தும் பயனில்லை, எஞ்சின் புழுதியைத் தின்றிருக்கும். கொக்கிக் கலப்பையால் காய்ந்த கரிசலைக் கிழித்த வண்டியில், கலப்பையை வண்டியோடு பிடிக்கும் கைகளில் கீழ் லிங்க் குண்டுகள் தேய்ந்து ஆடும், டாப் லிங்க் மாட்டும் தாங்கியின் ஓட்டை நீண்டிருக்கும். டாப் லிங்க் தாங்கியைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டிப் பாருங்கள். உள்ளே இருக்கும் கட்டுப்பாட்டு ஸ்பிரிங்கில் முன்பின் ஆட்டம் இருக்கக் கூடாது. ஃபெர்குசனின் மூளை அந்த ஸ்பிரிங்கில்தான் இருக்கிறது. கலப்பை ஆழத்தில் சிக்கி இழுவை கூடினால், டாப் லிங்க் ஸ்பிரிங்கை அழுத்தும்; லிஃப்ட் தானாகக் கலப்பையைக் கொஞ்சம் தூக்கும்; பாரம் பின் சக்கரத்தில் இறங்கும். எடை குறைந்த வண்டி கனமான உழவு உழுததன் ரகசியம் அது.

லிஃப்ட்டைச் சோதிக்காமல் வாங்குகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். உசிலம்பட்டி பக்கம் ஒரு தோப்பில் என் சித்தப்பா மகனுக்காக ஒரு 1035 பார்க்கப் போயிருந்தோம். விற்கிறவர் வெறும் லிஃப்ட்டைத் தூக்கிக் காட்டினார்.

“பாத்தீங்களா தம்பி, ஜம்முன்னு ஏறுது.”

“கலப்பைய மாட்டித் தூக்குங்கண்ணே.”

“இதுல தெரியாததா கலப்பையில தெரியப்போவுது?”

“எங்க மண்ணுக்கு ஒம்பது கொக்கி தூக்கணும்ண்ணே. ஒரு தடவ மாட்டிருங்க, நானும் பிடிக்கிறேன்.”

மாட்டினோம். தூக்கியது. ஆனால் எஞ்சின் ஓடும்போதே கலப்பை கொஞ்சம் இறங்கி, டக்கென்று ஏறி, மறுபடி இறங்கி, தலையாட்டிக்கொண்டே இருந்தது. எஞ்சினை நிறுத்தினோம். பேசிக்கொண்டிருக்கும்போதே கொக்கி மண்ணைத் தொட்டுவிட்டது.

“ஆயில் கொஞ்சம் கம்மியா இருக்கு தம்பி. ஊத்துனா நின்னுரும்.”

ஆயில் குறைந்தால் தூக்குவதில் தடுமாறும். தூக்கியது நிற்காமல் இறங்குவது சிலிண்டர் ரிங்கோ வால்வோ கசிவதால். பழைய மேஸிகளில் எஞ்சினை நிறுத்தியபிறகு மெதுவாக இறங்குவது இயல்பு, அதற்காக வண்டியைக் கழிக்க வேண்டியதில்லை. ஓடும்போதே தலையாட்டுவதுதான் கணக்கில் வர வேண்டும். நான் சண்டை போடவில்லை. லிஃப்ட் கவரைக் கழற்றிப் பார்க்கும் செலவை விலையில் கழிக்கச் சொன்னேன். அவர் முகம் சுண்டியது, கழித்துக்கொண்டார். இன்னொன்று: மேஸியில் லிஃப்ட் பம்ப், பின்னால் மாட்டும் கருவிகளைச் சுற்றவைக்கும் பி.டி.ஓ. தண்டோடு சுற்றுவது, பி.டி.ஓ. நெம்புகோல் போடாவிட்டால் லிஃப்ட் ஏறாது. அது தெரியாமல் நல்ல வண்டியை ரிப்பேர் என்று ஒதுக்கிவிட்டு வந்தவர்களும் உண்டு.

ரோட்டு வண்டியைக் கண்டுபிடிப்பது சுலபம். டிரெய்லர் மாட்டும் கொக்கியின் ஓட்டை முட்டை வடிவத்துக்குப் போயிருக்கும். பின் டயரின் நடுப்பகுதி மழமழவென்று இருக்க, ஓரத்துப் பட்டைகள் மட்டும் நிற்கும். உழவு வண்டியில் திரும்பும் பக்கத்து பிரேக் பெடல் தனியாகத் தேய்ந்திருக்கும். ரோட்டு வண்டியில் இரண்டும் கொக்கி போட்டு ஒன்றாகவே மிதிபட்டிருக்கும். முன் அச்சை ஜாக்கியில் ஏற்றி சக்கரத்தை மேலும் கீழும், பக்கவாட்டிலும் ஆட்டுங்கள். கிங் பின் புஷ், நடு பின், ஸ்டியரிங் பெட்டி எதில் ஆட்டம் என்று தனித்தனியாகத் தெரியும். ஓட்டிப் பார்க்கும்போது ஏதாவது ஒரு கண்மாய்க் கரை ஏற்றத்தில் பாரத்தோடு ஏற்றி, அதே கியரில் ஆக்ஸிலேட்டரை விட்டு இறக்குங்கள். கியர் நழுவினால் இரண்டில் ஒரு தருணத்தில் நழுவும்.

கம்ப்ரஸர் வண்டிதான் ஏமாற்றும். டயர் புதுசு, பிரேக் புதுசு, சேறு பட்ட அடையாளமே இல்லை. பார்க்க மணப்பெண் மாதிரி நிற்கும். ஆனால் தூரம் ஓடாமல் எஞ்சின் மட்டும் பாரத்தில் வருஷக்கணக்காக ஓடியிருக்கும். பின்னால் தேவையில்லாத இடத்தில் போல்ட் ஓட்டைகள் இருந்தால் எதற்கு என்று கேளுங்கள். பி.டி.ஓ. தண்டின் ஆறு பற்களைத் தடவிப் பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் படி விழுந்திருந்தால் பதில் கிடைத்துவிட்டது. எஞ்சின் ஓடிய மணிக்கணக்கு மீட்டர் என்ன காட்டுகிறது என்று கேட்காதீர்கள், பெரும்பாலும் அதன் ஒயர் எப்போதோ அறுந்திருக்கும்.

எதை வாங்கலாம் என்று கேட்டால், உழுவதற்கு என்றால் என் ஓட்டு 1035-க்குத்தான். உதிரி பாகம் திருமங்கலத்தில்கூடக் கிடைக்கும், பிரித்து மாட்டத் தெரியாத மெக்கானிக் இந்தப் பக்கம் இல்லை. ஹெச்.எம்.டி. டிராக்டர் தயாரிப்பு 2016-ல் நின்றுவிட்டது. ஆசைக்கு வாங்கலாம், விதைப்பு நாளில் அதை நம்பி நிற்க முடியாது. மண்ணில், கரிசல் வண்டியை எடுப்பேன். எஞ்சின் செலவு வரும், பின்பாதி பிழைத்திருக்கும். நஞ்சை வண்டி என்றால் வடிகால் போல்ட் சொல்வதைப் பொறுத்தது.

விலை பேசி முடித்ததும் முன்பணம் கொடுப்பதற்கு முன்னால், வண்டியோடு வருவதையெல்லாம் ஒரு தாளில் எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போடுங்கள். டாப் லிங்க், இரண்டு கீழ் லிங்க், செக் செயின், கொக்கி, முன் எடைகள், கேஜ் வீல், பேட்டரியின் கம்பெனி, நான்கு டயரின் பக்கவாட்டு எண் எல்லாமே. பின் டயரில் தண்ணீர் நிரப்பியிருக்கிறார்களா என்பதையும் கேட்டு எழுதுங்கள். எடைக்காக முக்கால் பங்கு நிரப்புவது வழக்கம், ரிம் உள்ளே துருப்பிடித்திருக்குமா என்பது அதைப் பொறுத்தது. எழுதாவிட்டால் வண்டி உங்கள் களத்துக்கு வந்து சேரும்போது பேட்டரி வேறாகவும் டாப் லிங்க் இல்லாமலும் வரும், கேட்டால் “அது தம்பியோட வண்டிக்குள்ளதுண்ணே” என்பார்கள்.